மேற்படி

லிஃப்டில் போடக் காசில்லாமல்
ஒன்பது மாடியும் ஏறி வந்த வாழா
மூச்சு வாங்கிக்கொண்டே
நகத்தளவு கார்டை என் மேசையில் வைத்தான்.
"மூணு மணி நேரக் கல்யாணம், எத்தேரி.
ஞாயிறுக்குள்ள கேக்கறாங்க.
நிறுத்தாம ஓட விட்டேன், நல்லா வந்திருக்கு."

நல்லாத்தான் வந்திருக்கிறது.
வெட்ட உட்கார்ந்தால்தான் சண்டித்தனம்.
நாலு ஃப்ரேம் தாவும், நிற்கும்,
பிறகு விக்கும்.
மணமகள் கேக்கில் கத்தி இறக்குவதற்குள்
நான் சூப்பைச் சூடு பண்ணிக் குடித்துவிடலாம்.

உன் கேம்கார்டர், வாழா,
ஒரு கஞ்சக் கணக்குப்பிள்ளை.
முதல் படத்தை முழுசாக எழுதுவான்:
மண்டபம், சரவிளக்கு, அறுபது தலை, ஒயின் ஜாடி.
அடுத்த படத்துக்கு
அசைந்ததை மட்டும்.
ஒரு கை உயர்ந்தது, ஒரு வாய் திறந்தது.
மற்றதெல்லாம் மேற்படி.
அதற்கடுத்தும் மேற்படி.
அரை விநாடிக்கொரு தரம்தான் சலித்துக்கொண்டு
மறுபடி எல்லார் பெயரையும் எழுதுவான்.
அதனால்தான் இத்தனை கூட்டமும் நகத்துக்குள் அடங்குகிறது.
அதனால்தான் நடுவில் கத்திரி வைத்தால்
என் பாவப்பட்ட கணினி
பின்னால் ஓடி ஓடிக் கேட்டுவிட்டு வருகிறது:
மேற்படின்னா எது?

"சரி, மாத்து. என்ன ஆகும்?"
இடம்தான் ஆகும்.
இருபத்துமூன்று ஜிபி
நூற்றறுபத்தைந்தாக ஊதும்.
துளிக்கூட அழகு ஏறாது.
"அப்புறம் எதுக்கு?"
ஒவ்வொரு ஃப்ரேமும் தன் காலில் நிற்க.

டிஸ்கில் இடமில்லை.
பணம் தராத பல் டாக்டரின் விளம்பரம்
மூன்று பதிப்போடும் போயிற்று.
பரம திருப்தி.

கார்டு, இரண்டு ஜிபிக்கு ஒருமுறை துண்டு போடும்,
முத்தமா பேச்சா என்று பார்க்காது.
தமதா எழுந்து கோப்பையை உயர்த்தி
"போன" என்றது ஒரு ஃபைலில்,
"வர்களுக்காக" அடுத்ததில்.
தனித்தனியே மாற்றினால்
தையலில் அரை எழுத்துச் சத்தம் விழுந்துவிடும்.
முதலில் ஒட்டினேன். பிறகு மாற்றப் போட்டேன்.
ஆட்டக்காரர்களின் கையில் நீட்டிக்கொண்டிருந்த
சீப்புப் பற்களைத் தொடவில்லை,
டிவி பார்த்துக்கொள்ளும்.

ராத்திரி விளக்கு ஒருமுறை மினுங்கியது.
ருஸ்தாவியில் மினுங்கினால் கும்பிடத் தோன்றும்.
மின்விசிறி மட்டும் இரைந்துகொண்டிருக்க
நாலு மணிக்கு முடிந்தது.

அம்புக்குறியைத் தட்டினேன்.
ஒரு தட்டுக்கு ஒரு ஃப்ரேம்,
விக்காமல், கேட்காமல்.
போனவர்களுக்காக
மண்டபமே எழுந்து நிற்கிறது.
மேசையின் கோடியில் ஒருவர் மட்டும் எழவில்லை.
சாம்பல் கோட்டு. தொடாத தட்டு.
மூன்று நிமிஷம் அப்படியே.
கார்டில் அவர்
மூன்று நிமிஷமும் மேற்படியாகவே இருந்திருப்பார்.
இப்போது நாலாயிரத்து ஐந்நூறு தடவை
முழுசாக உட்கார்ந்திருக்கிறார்,
ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டு,
அந்தத் தட்டு.

ஓரிடத்தில்
கட்டைவிரல் கோப்பையின் விளிம்பை மூடுகிற மாதிரி இருந்தது.
பெரிதாக்கினேன்.
சதுரம் சதுரமாக, பழுப்பாக.
அசைந்ததா,
கணக்குப்பிள்ளை அசிரத்தையாக விட்டதா,
நூற்றறுபத்தைந்து ஜிபியிலும் சொல்ல ஆளில்லை.
அவன் எழுதாததை என்னால் மாற்ற முடியாது.

விடிந்ததும் வாழாவுக்கு போன் போட்டேன்.
கோடி நாற்காலியில் சாம்பல் கோட்டு, யார் அது?

கொட்டாவி விட்டான்.
கேமராவுக்குப் பின்னால்
மூன்று மணி நேரம் நின்றவன் கேட்கிறான்,
"அங்க யாராவது இருந்தாங்களா?"